கறுப்புக் கயிறு கட்டிய பாட்டில்

எரிகிறதா, இல்லையா. எரிந்த மாதிரி இருந்தது. இப்போது இல்லை. வெயில் பட்டு அப்படித் தெரிந்ததோ என்னவோ. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் கெண்டி மாதிரி ஒரு படம் இருக்கிறது, மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுகிற மாதிரி, அது சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்க என்று தாராபுரத்து மெக்கானிக் சிக்கந்தர் அண்ணன் சொல்லியிருக்கிறார், எரியாவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம், எரிந்து எரிந்து அணைந்தால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிறுத்தக் கூடாது. சேலம் பைபாஸைத் தாண்டவே இவ்வளவு நேரமாகிவிட்டது, இன்னும் தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டி ஓசூர் போய்ச் சேர வேண்டும். அங்கே என் தங்கச்சி ரோகிணி ஏழு மாத வயிற்றோடு மணையில் உட்காரக் காத்திருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் அம்மா கொண்டுபோயிருக்க வேண்டிய கட்டுச்சோறு, ஏழு போசிப் பாத்திரம், ஏழு தினுசு, என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பூபதியின் பழைய வேட்டியால் கட்டி வைத்திருக்கிறது. அம்மா போய் மூன்று வருஷம். ரோகிணியின் மாமியார் போனில் எவ்வளவு இனிப்பாகச் சொன்னார்கள், "அம்மா இல்லாத புள்ளை, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வளைகாப்புக்கு ஏழு சோறும் கேட்டரிங்லயே சொல்லிக்கறோம், நீங்க கையை வீசிக்கிட்டு வாங்க." நான் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், வாளியைக் கீழே வைக்காமலே சொன்னேன், "வேண்டாங்க, எங்க வீட்டுச் சோறு வந்துருமுங்க." வாளி கையில் இருந்தால் எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வரும். "அப்பச் சரி, பன்னண்டரைக்குள்ள வந்துருங்க, அதுக்கப்புறம் நல்ல நேரம் இல்லை, எதுக்கும் கேட்டரிங் ஆளையும் சொல்லி வெச்சர்றோம்." எதுக்கும். அந்த எதுக்கும் என்கிற வார்த்தை பத்து நாளாகத் தொண்டையில் நெல் உமி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரிகிறதா. இல்லை.

பக்கத்து சீட்டில் மாமா பிரேக் பிடிக்கிறார். அவர் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தாலும் முன்னால் ஒரு லாரி தெரிந்தால் போதும், அது அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், வலது காலைத் தூக்கி ஒரே அழுத்து. இருபத்து நாலு வருஷமாக அழுத்தி அழுத்தி அந்தப் பக்கத்து மிதியடியில் வட்டமாக ஒரு ஓட்டையே விழுந்திருக்கிறது. மாமனார் மாரப்பன் என்றால் எங்கள் ஊரில் கார் வைத்திருக்கிற மாரப்பன் என்றுதான் பேர், ஆனால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை, "ஓட்டறவனுக்கு ரோடுதான் தெரியும், உக்காந்துட்டு வர்றவனுக்குத்தான் ஊரு தெரியும்" என்பார். முதலில் ஒரு டிரைவர் ஓட்டினார், அப்புறம் பூபதி ஓட்டினார், பூபதி இப்போது அறுப்பு மெஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டதால் நான் ஓட்டுகிறேன். எனக்கு டிராக்டர்தான் முதலில் வந்தது. அதனால்தானோ என்னவோ காரிலும் கொழு இறங்கியிருக்கிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன், பூபதி சிரிப்பார், உழுத சால் நேரா வருதான்னு பாக்கறியா தாரணி என்பார். நேராகத்தான் வருகிறது. திரும்பிப் பார்த்தால் ரோட்டில் கோடு போட்ட மாதிரி சொட்டுச் சொட்டாக எண்ணெய் தெரியுமோ என்று எனக்கு ஒரு எண்ணம், தெரியாது, ஆனாலும் பார்க்கிறேன். எண்ணெய் ஒழுகுகிறது என்று மாமாவிடம் சொல்லக் கூடாது, கோபம் வந்துவிடும். "ஒழுகலை அம்மிணி, வேர்க்குது. வயசான உடம்பு, வேர்க்காதா?" வாசலில் அது வேர்த்து வேர்த்து ஒரு தட்டு அகலத்துக்குக் கறை. எவ்வளவு சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாமல், கடைசியில் நான் அந்தக் கறையையே நடுவில் வைத்துச் சுற்றிப் பூக்கோலம் போட ஆரம்பித்தேன், தை நோம்பிக்கு எல்லாரும் வந்து நின்று, நடுவில அந்தக் கறுப்பு எந்தக் கடைப் பொடி என்று கேட்டார்கள். ஒழுகியதைத் தட்டில் பிடித்துக் கதவுக்கும் ஏர்க்கலப்பைக்கும் பூசினேன், கறையான் வரவில்லை. எதையும் வீணாக்கக் கூடாது. "லாரி அம்மிணி." "பாத்துட்டேனுங்க மாமா." "இல்லை, லாரி." "அது அக்கட்டப் போற லாரிங்க மாமா, அடுத்த ரோட்டுல." கால் இன்னும் அழுத்தியபடியே இருக்கிறது. அந்த லாரி போய் மறைந்த பிறகுதான் காலை எடுத்தார், அவர்தான் நிறுத்திக் காப்பாற்றிய மாதிரி ஒரு மூச்சும் விட்டார்.

எல்லாம் சரியாகத்தான் எடுத்து வைத்தேன். இல்லையா. கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி, சர்க்கரைப் பொங்கல் இறக்கி, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, புளிச்சோறு கிளறி, தயிர்ச்சோற்றுக்குப் பாலைக் கூட ஊற்றி, போகிற வழியில் புளித்துவிடாமல் இருக்க உப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டி. வேப்பங்காப்பு இருக்கிறது, எங்கள் வாசல் வேம்பில் இளங்குச்சி ஒடித்து வளைத்து நூல் சுற்றி ஈரத்துணியில் வைத்திருக்கிறேன், கண்ணாடி வளையலுக்கு முன்னால் அதைத்தான் முதலில் போட வேண்டும், அதைப் பிறந்த வீட்டுக்காரர்கள்தான் போட வேண்டும், அதைக் கேட்டரிங்கில் சொல்ல முடியாது. என் பாப்பா கனிஷ்காவுக்கு மாற்றுடுப்பு இருக்கிறது. அவள் பின்சீட்டில் போசிகளுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், நாலு வயதுக்கு என்ன குறட்டை, அப்படியே அவள் அப்பாவின் குறட்டை. அவள் மடியில் தலையணை, புளிச்சோற்றுப் போசிக்கு சீட் பெல்ட். ராத்திரியெல்லாம் யோசித்துச் செய்த ஏற்பாடு. எண்ணெய் இரண்டு பாட்டில். வண்டிக்கு ஊற்ற ஒன்று, ரோகிணி பிரசவம் ஆகும்வரை உடம்புக்குத் தேய்த்துக் குளிக்க நல்லெண்ணெய் ஒன்று, எங்கள் காட்டு எள், மரச்செக்கில் ஆட்டியது. இரண்டையும் ஒரே மாதிரி இரண்டு லிட்டர் காலி கலர் சோடா பாட்டிலில் ஊற்றியது என் தப்பா? வேறு பாட்டில் வீட்டில் இல்லை. பார்க்க இரண்டும் ஒரே நிறம், தேன் மாதிரி. அதனால்தான் அடையாளத்துக்கு. அடையாளத்துக்கு இல்லை, அடையாளமும் ஆயிற்று என்று, நல்லெண்ணெய் பாட்டிலின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் போகிற எண்ணெய், வழிநெடுக எத்தனை பேர் கண் படும், கட்டுச்சோற்றின் மேலே கரித்துண்டு போடுகிற மாதிரி எண்ணெய்க்கு ஒரு கயிறு. கரித்துண்டும் போட்டிருக்கிறேன், அடுப்பிலிருந்து எடுத்து, புளிச்சோற்றுப் போசியின் மூடி மேலே. வழியில் காற்றுக் கருப்பு எதுவும் சோற்றின் மேல் ஆசைப்பட்டு ஏறிவிடக் கூடாது. எல்லாம் சரி. சங்ககிரியில் ஒரு தரம் நிறுத்தினோம், கனிக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது, கெண்டியும் அப்போதுதான் முதல் தரம் கண்ணைச் சிமிட்டியது, நான் பாப்பாவை வேலிப்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட, மாமா "நான் ஊத்தறேன் போ, பூபதி ஊத்தறப்ப எத்தனை தரம் பாத்திருக்கறேன்" என்று பானெட்டைத் திறந்தார். அவர் என்னமோ கேட்டார். நான் ம்ம் என்றேன். பாப்பாவின் செருப்பில் பட்டுவிடாமல் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறவளிடம் எதைக் கேட்டாலும் ம்ம் என்றுதான் சொல்லுவாள்.

வாசனை வருகிறது. புளிச்சோற்று வாசனை. நல்ல சூட்டோடு, இப்போதுதான் இறக்கிய மாதிரி. "மாமா, பின்னாடி புளிச்சோத்து மூடி தெறந்துக்குச்சான்னு சித்த பாருங்க." மாமா திரும்பி, பெல்ட்டோடு மல்லுக்கட்டி, கையை நீட்டித் தடவிப் பார்த்து, "சிக்குனு மூடியிருக்குது அம்மிணி. ஆனா எனக்கும் பசிக்குது" என்றார். மூடி திறக்கவில்லை. அப்புறம் எப்படி. ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் வாசனை இன்னும் கூடுகிறது, வெளியில் ஓமலூர் ரோட்டில் யார் புளிச்சோறு கிளறுகிறார்கள். அம்மா கிளறி முடித்ததும் கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெயைத் தனியாகக் காய வைத்துப் புகை வருகிற நேரம் பார்த்து மேலே ஊற்றுவாள், சொய்ங் என்று ஒரு சத்தம், வீடே ஒரு நிமிஷம் அந்த வாசனையில் நிற்கும், நானும் ரோகிணியும் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவோம். அந்த வாசனைதான் இது. நான் செய்ததில் அது வரவில்லை, காலையில் மோந்து பார்த்தபோதே தெரிந்தது, எண்ணெய் கொஞ்சம் பொறுமையாகக் காய்ந்திருக்க வேண்டும், நேரமில்லை. நான் செய்ததில் வராதது இப்போது எங்கிருந்து வருகிறது. அம்மா. வண்டியில் ஏறிவிட்டாளா. எங்கே ஏறினாள், சங்ககிரியிலா. சின்ன மகளுக்கு வளைகாப்பு, வரத்தானே செய்வாள். ஆனால் அம்மாவுக்குக் கார் ஆகாதே, ஏறி உட்கார்ந்ததுமே எலுமிச்சம்பழம் கேட்பாளே, என் கல்யாணத்துக்கு வாடகைக் காரில் வந்து இறங்கினபோது மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்க, அவள் வேலியோரம் போய்க் குனிந்து நின்றாளே. செத்த பிறகும் குமட்டுமா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துக்கோ அம்மா. இரு இரு, கரித்துண்டு. நான் கரித்துண்டு போட்டு வைத்திருக்கிறேன். காற்றுக் கருப்பு ஏறக் கூடாது என்றுதான் போட்டேன், அம்மா ஏறக் கூடாது என்று போடவில்லை, ஆனால் கரிக்கு ஆள் தெரியுமா, அது எல்லாரையும்தானே தடுக்கும், பாவம் வண்டிக்கு வெளியிலேயே ஓடி வருகிறாளோ, அதனால்தான் ஜன்னலை இறக்கினால் வாசனை கூடுகிறதோ. "மாமா, போசி மேல ஒரு கரித்துண்டு இருக்கும், எடுத்து வெளிய போட்டுருங்க." "எதுக்கம்மிணி? வழியில ஆவும்." "போடுங்க மாமா, கையில ஒட்டுது." "பின்னாடி இருக்கற கரி முன்னாடி இருக்கற உன் கையில எப்படி ஒட்டும்?" என்று கேட்டபடியே எடுத்தார், வெளியே போடவில்லை, எதையும் வெளியே போடுகிற ஆளா அவர், வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விசேஷத்துக்கென்று நீலம் போட்டு நான் தேய்த்துக் கொடுத்த சட்டை. போகட்டும். சட்டைப் பைக்குள் இருக்கிற கரி மாமாவை மட்டும்தான் காக்கும். ஏறி உட்கார்ந்துக்கோ அம்மா. சிவப்பு. இல்லை, அணைந்துவிட்டது.

டோல்கேட்டில் வரிசை. முன்னால் நிற்கிற காரின் பின்கண்ணாடியில் ஒரு பையன் எங்களைப் பார்த்து மூக்கைச் சுருக்கிச் சுருக்கி மோப்பம் பிடிக்கிறான். நின்றவுடன் வாசனை எழும்பி வந்து மொத்தமாக மூடிக்கொண்டது, பானெட் இடுக்கிலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை, சாம்பிராணி போடுகிற மாதிரி. கூண்டுக்குள்ளிருந்த தம்பி எட்டிப் பார்த்து, "என்னக்கா, உள்ளாற முறுக்கு சுடறீங்களா?" என்றான். நான் சிரித்தேன். யார் எது சொன்னாலும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும், பூபதி பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் சிரித்து வைத்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் உறைத்தது. வாசனை முன்னாலிருந்து வருகிறது. பின்னாலிருந்து இல்லை. அம்மா பின்னால் இல்லை. அம்மா என்ஜினில் இருக்கிறாள். தடுப்புக்கட்டை தூக்கியது, நான் வண்டியை எடுத்துக்கொண்டே மாமாவின் காலடியில் பார்த்தேன், அங்கே பாட்டில், நிறைய, தளும்பத் தளும்ப, கழுத்தில் கயிறில்லாமல். "மாமா." "ம்." "சங்ககிரில எந்தப் பாட்டில ஊத்துனீங்க?" "கயிறு கட்டுனது. உன்னைக் கேட்டுத்தானே ஊத்துனேன், கயிறு கட்டுனதுதானேன்னு கேட்டேன், நீ ம்ம்னு சொன்னே." "கயிறு எதுக்குக் கட்டியிருக்கும்னு நெனச்சீங்க?" "இதென்ன கேள்வி. கறுப்புக் கயிறு. இது விஷம், சமையலுக்கு எடுத்தரக் கூடாதுன்னு அடையாளம். பூச்சிமருந்து டப்பாவுல மண்டையோடு போட்டிருக்கறதில்லையா?" "அது திருஷ்டிக் கயிறுங்க மாமா." மாமா ரோட்டைப் பார்த்தார். காலை அழுத்தவில்லை, லாரி நாலு வந்தும் அழுத்தவில்லை. "அப்ப அது ரோகிணிக்குக் கொண்டுவந்த எண்ணெயா." "ஆமாங்க." "செக்கு எண்ணெயா." "செக்கு எண்ணெய்தானுங்க." "மரச்செக்கா." "மரச்செக்குங்க மாமா." "நம்ம காட்டு எள்ளா." "நம்ம எள்ளுதானுங்க." அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்பக் கலப்படம் இருக்காது."

ஓரமாக நிறுத்தினேன், நிறுத்தாமல் எப்படி. புளியமரத்து நிழல். பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒரே தீபாவளி. ஒழுகிய எண்ணெய் சூட்டுக்குழாயில் விழுந்து விழுந்து சிடுசிடுக்கிறது, பக்கத்தில் ஒரு பிடி கடுகைப் போட்டால் வெடித்திருக்கும். அளவுக்கம்பியை உருவி விரலில் தொட்டு மோந்து பார்த்தேன், நாக்கில் வைக்கக் கை தானாக மேலே போனது, பிடித்துக்கொண்டேன். இப்போது என்ன செய்வது. பூபதிக்குப் போன் போடலாம். போட்டால் பஸ்ஸில் போ என்று நான் சொன்னேனா இல்லையா என்பார், ஏழு போசியோடு மூன்று பஸ் மாறுவது அவருக்கு என்ன தெரியும், அப்புறம் அறுப்பு மெஷின்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார், தை வரைக்கும் சிரிப்பார். வேண்டாம். நல்லெண்ணெய் என்ன கெட்டதா. நல்ல என்று பேரிலேயே வைத்திருக்கிறார்கள். விளக்கில் ஊற்றினால் எரிகிறது, தலையில் ஊற்றினால் குளிர்கிறது, சைக்கிள் செயினுக்கு விட்டால் ஓடுகிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. பெண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், மாமா இந்தக் காரை அவ இவ என்றுதான் சொல்லுவார், சனிக்கிழமையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கயிறில்லாத பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, மாமாவிடமும் நீட்டி அவரும் மோந்து தலையாட்டிய பிறகு, பாதியை மேலே ஊற்றினேன். குறைந்ததற்கு நிறைந்ததாயிற்று. உள்ளே இரண்டும் சம்பந்தம் கலந்துகொள்ளட்டும். மூடியை இறுக்கி இரண்டு தரம் திருகிப் பார்த்தேன். "ஏனம்மிணி, அவளுக்கு ஒண்ணும் ஆயிராதே?" மாமாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. காருக்குக் கேட்கிறாரா ரோகிணிக்குக் கேட்கிறாரா என்று ஒரு நொடி தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து, "ஒண்ணும் ஆகாதுங்க மாமா" என்றேன். கனிஷ்கா எழுந்துவிட்டாள், கண்ணைக்கூடத் திறக்கவில்லை, "அம்மா, சோறு" என்கிறாள். யாருக்கும் கிடையாது. சித்திக்கு வைத்த பிறகுதான். அப்பாருத் தாத்தா பையில் கடலைமிட்டாய் இருக்கும், வாங்கிக்கோ. அப்பாரு பையில் கைவிட்டவள் கரித்துண்டை எடுத்துக் கடிக்கப் போக, பிடுங்குவதற்குள் அவள் உதடெல்லாம் கறுப்பு, மாமாவின் பையெல்லாம் கறுப்பு.

கணவாய் ஏறுகிறது. இரண்டாவது கியர். பாறை பக்கத்தில் வருகிறது, வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடிக்கிறது, முன்னால் கம்பி ஏற்றின லாரி, பின்னால் ஒரு சிமென்ட் லாரி ஆரனை வைத்துத் தள்ளுகிறது. சிவப்பு. அணைகிறது. சிவப்பு. என்ஜின் சூடானால் எண்ணெய் இளகும், இளகினால் விளக்கு சிமிட்டும், எங்கள் டிராக்டரும் உச்சி வெயிலில் இதே வேலைதான் செய்யும். ஆனால் டிராக்டரை வரப்பில் நிறுத்திவிட்டு மரத்தடிக்குப் போகலாம், இங்கே நிறுத்தினால் அப்புறம் ஏற்றத்தில் நகராது, ஏழு போசியும் நானும் பாப்பாவும் கறுப்புப் பையோடு மாமாவும் ரோட்டோரம். சிவப்பு. போன் அடிக்கிறது. மாமா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார், ரோகிணி. "மாமா, எங்க வர்றீங்க?" மாமா வெளியே பார்த்தார், தொப்பூர்ப் பாறை, குரங்கு ஒன்று சுவர் மேல் உட்கார்ந்து எங்கள் வாசனைக்கு எழுந்து நிற்கிறது. "தருமபுரி தாண்டியாச்சு கண்ணு." "அக்கா கிட்ட குடுங்க." "இங்கயேதான்டி இருக்கேன், கேக்குது, சொல்லு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஏதோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம். "கேட்டரிங் ஆளு வந்து தட்டெல்லாம் அடுக்கிட்டான்க்கா. அத்தை மணையைப் போட்டுட்டாங்க. எனக்கு அந்தச் சோறு எறங்காதுக்கா. காலைலருந்து ஒண்ணும் திங்கலை. மெதுவாவே வா, ஆனா வந்துரு." வந்துர்றேன் என்று சொன்னேனா, சொன்ன மாதிரிதான் இருந்தது. மெதுவாகவே வா, ஆனால் வந்துரு. மெதுவாக வந்தால் எப்படி வருவது. சிவப்பு. கண் அங்கேயே போகிறது, கெண்டியையே பார்த்தால் லாரியை யார் பார்ப்பது, மாமா பார்ப்பார், பார்த்து அழுத்துவார், அதனால் நிற்குமா. நெற்றியில் கைவைத்துப் பொட்டை உரித்தேன், ஒட்டுப்பொட்டு, பெரிய சைஸ், விசேஷத்துக்கென்று வைத்தது, அந்தக் கெண்டி மேல் ஒட்டினேன். தீர்ந்தது. இனி காதுதான். உழவில் காதுதான் எனக்குச் சொல்லும், சத்தம் ஒரு கட்டை சுதி இறங்கினால் நிறுத்துவேன், இறங்காதவரை ஏறுவேன். சுதி இறங்கவில்லை. பழைய சத்தமேதான், கொஞ்சம் வழவழப்பாகவே இருக்கிறது, எண்ணெய் தேய்த்து உட்கார்ந்த பெண்பிள்ளை முனகுகிற மாதிரி. கம்பி லாரியின் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தவர், புகையையும் பார்த்திருப்பார், ஓரம் ஒதுங்கிக் கையை வெளியே நீட்டிப் போ போ என்றார். தாண்டும்போது அவருடைய கிளீனர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், சாப்பிடாமல் கிளம்பியவன் போல. மாமா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் கணவாய்க் கோயிலைக் கும்பிட்டார். அப்புறம் கையை எடுக்காமலே, டாஷ்போர்டைப் பார்த்துக் கும்பிட்டார், அங்கே பொட்டு வைத்த அம்மன் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மேட்டின் மேல் ஏறியதும் மூன்றாவது, நாலாவது. காற்று. தருமபுரி நிஜமாகவே தாண்டுகிறது, மாமா என்னைப் பார்த்து "சொன்னேனா இல்லையா" என்கிறார். கிருஷ்ணகிரியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கனிக்குத் திரும்பவும் ஒண்ணுக்கு வந்தது, அடக்கிக்கோ சாமி என்றேன், அடக்கினாள், அடக்கிய முகம் அப்படியே மாமாவுடைய பிரேக் முகம். போசிகள் பின்னால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வருகின்றன. அம்மா வண்டியில் ஏறவில்லை, அது நல்லெண்ணெய்தான் என்று தெரிந்த பிறகும், ஜன்னலை நான் ஏற்றவில்லை. எதற்கு ஏற்றவில்லை. காற்று வரட்டும் என்றுதான்.

ஓசூரில் அவர்கள் தெரு. தெரு முனையிலேயே வாழைமரம் தெரிகிறது, கேட் முன்னால் பெரிய கோலம், உள்ளே மைக்கில் யாரோ ஊதிப் பார்க்கிறார்கள். கோலத்தை மிதிக்காமல் நிறுத்த முடியாது, பாதிக் கோலத்தின் மேல் நிறுத்தினேன். மணி பன்னிரண்டே கால், மாமாதான் சத்தமாகச் சொன்னார், "கால்தான் ஆவுது." நாங்கள் இறங்குவதற்குள் ரோகிணியின் மாமியார் வாசலில் நின்று மாமாவின் கறுத்த சட்டைப் பையையும் பாப்பாவின் கறுப்பு உதட்டையும் என் வெறும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வரக் கூடாதென்று யார் சொல்லியும் கேட்காமல், பட்டுப் புடவையில் வயிறு முன்னே வர ரோகிணி. நேராகப் போசிகளிடம் போவாள் என்று நினைத்தேன். என்னிடம் வருவாள் என்றும் நினைத்தேன். பானெட் முன்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மெல்லிசாகப் புகை வருகிற அந்த இடுக்குக்கு நேராகக் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். "அக்கா." "என்னடி." "அம்மா சோறு." கண்ணைத் திறக்கவில்லை, இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிகிறது, உதடு சிரிக்கிறது. "போசியே எறக்கலை, எப்படிக்கா இவ்வளவு வாசம் அடிக்குது? அப்படியே அம்மா எண்ணெயைக் காயவெச்சு ஊத்துன மாதிரி. எனக்குப் பசிக்குதுக்கா." நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். "மரச்செக்கு எண்ணெய் கண்ணு" என்றார் மாமா, "நம்ம எள்ளு." ரோகிணி தலையை ஆட்டினாள், பிறகு என்னைப் பார்த்து, "உன் பொட்டு எங்கக்கா?" "வண்டிக்கு வெச்சுட்டேன்." "என்னது?" "அப்புறம் சொல்றேன்." கோலத்தில், நடுப்புள்ளியில், சொட் என்று ஒன்று விழுந்தது. சம்பந்தியம்மா வாசலிலிருந்து, "நேரமாவுதுங்க, உள்ள வாங்க, சோத்தை எறக்கச் சொல்லுங்க, அந்தத் தட்டை எல்லாம் எடுத்தர்றோம்" என்றார்கள். எடுத்துவிடுகிறார்கள். எங்கள் சோறு வந்துவிட்டது. தொண்டையில் இருந்த உமி எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. "சித்த இருங்க அத்தை," என்று ரோகிணி அசையாமல் நிற்கிறாள், சூடாக இருக்கிற பானெட்டுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு கையையும் நீட்டி, தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதற்கு நீட்டுகிற மாதிரி. என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்துவிட வேண்டும், பொட்டின் ஓரத்தைச் சுற்றி இப்போது நிறுத்தாமல் சிவப்பு தெரிகிறது, அணைத்தால் சூடு இறங்கிவிடும், சூடு இறங்கினால் வாசனையும் போய்விடும். சாவி மேல் வைத்த கையை எடுத்துவிட்டேன். மாமா அவருடைய பிரேக்கின் மேல் காலை வைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.